கால்வாயில் குடியேறப் போகிறவர்களுக்கு: நேரோபோட் வாழ்க்கையும் அக்கம்பக்கமும்

நேரோபோட், அதாவது இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் ஒடுக்கமான நீளப் படகு ஒன்றை வாங்கிக் குடியேறலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் படகைப் பற்றியே கேட்கிறார்கள். எத்தனை அடி நீளம், என்ன விலை, குளிர்காலம் தாங்குமா, கழிவறைக்கு என்ன வழி? தேவையான கேள்விகள்தான். ஆனால் நான் பார்த்தவரை, ஆசையோடு வந்து ஒரே குளிர்காலத்தில் படகை விற்றுவிட்டுப் போகிறவர்களைக் கரைக்கு விரட்டுவது பெரும்பாலும் தனிமைதான். பக்கத்துப் படகில் இருப்பவரிடம் தயங்காமல் உதவி கேட்கவும், அவர் கேட்கும் முன்பே நாம் போய் நிற்கவும் பழகிவிட்டால் மற்றதெல்லாம் போகப்போகக் கற்றுக்கொள்ளலாம். அதனால் இதில் இன்ஜினுக்கும் பேட்டரிக்கும் குறைவாகவும், அக்கம்பக்கத்துக்கு அதிகமாகவும் இடம் கொடுத்திருக்கிறேன்.

இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களுக்குப் பொருந்தும். அங்கே சுமார் 2,000 மைல் கால்வாய்களையும் ஆறுகளையும் 2012 முதல் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. அதற்கு முன் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற அரசு அமைப்பின் கையில் இருந்தவை அவை. ஸ்காட்லாந்துக் கால்வாய்களுக்கு வேறு அமைப்பு. தேம்ஸ் நதியும் வேறு நிர்வாகம். தேம்ஸில் போக அந்த நிர்வாகத்தின் படகு உரிமமும் வேண்டும்.

படி 1: வாங்கும் முன் நடந்து பாருங்கள்

ஜூன் மாத வெயிலில் கால்வாயைப் பார்த்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. பிப்ரவரியில் போங்கள். குதிரைகள் ஒரு காலத்தில் படகை இழுத்து நடந்த கரையோரப் பாதையை டோபாத் என்பார்கள். அது சேறாக இருக்கும்போது, நிலக்கரி மூட்டையைத் தோளில் சுமந்து ஒருவர் தன் படகுக்கு நடக்கும்போது பாருங்கள். முடிந்தால் குளிர்காலத்திலும் வாடகைக்குப் படகு தரும் இடம் ஒன்றைத் தேடி ஒரு வாரம் இருந்து பாருங்கள். இரவு அடுப்பு அணைந்துபோய் காலை ஐந்து மணிக்கு விழிப்பது எப்படி என்று தெரிந்துவிடும்.

படகுக்காரர்களிடம் பேசுவது சுலபம். பின்தளத்தில் நின்று டீ குடித்துக்கொண்டோ, கூரையில் விறகு அடுக்கிக்கொண்டோ இருப்பவரிடம் வணக்கம் சொன்னால் போதும், அரை மணி நேரம் நிற்க வைத்துவிடுவார். ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். டோபாத்தில் நடப்பவரின் இடுப்புயரத்தில் அவர்களுடைய சமையலறையும் படுக்கையும் இருக்கின்றன. அந்த எட்டிப் பார்வையை நாள் முழுக்கச் சகித்துக்கொண்டு இருப்பவர்கள் அவர்கள்.

இன்னொன்று. அழைக்காமல் ஒருவரின் படகில் கால் வைக்காதீர்கள். கரையில் நின்று கூப்பிடுங்கள், அல்லது கேபின் பக்கச் சுவரை இரண்டு தட்டுத் தட்டுங்கள். ஒரு கால் பட்டாலே படகு ஆடும், உள்ளே இருப்பவருக்கு யாரோ ஏறிவிட்டது தெரியும். கேட்காமல் ஏறுவது, திறந்திருக்கும் வீட்டு வாசலைத் தாண்டிக் கூடத்துக்குள் போய் நிற்பதற்குச் சமம்.

படி 2: எங்கே கட்டப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

படகைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, நிரந்தர மூரிங். அதாவது மரினா என்ற படகுத்துறையிலோ கரையிலோ மாத வாடகைக்கு, வருட வாடகைக்கு ஓர் இடம். ஆனால் மூரிங் கிடைத்துவிட்டால் அங்கே குடியிருக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பல இடங்கள் பொழுதுபோக்குப் படகுகளுக்கு மட்டுமே அனுமதி பெற்றவை. முழுநேரம் குடியிருக்க அனுமதியுள்ள மூரிங் குறைவு, லண்டன் பக்கம் விலையும் கடுமை. ஒப்பந்தத்தில் குடியிருப்பு அனுமதி எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மற்றொன்று, கன்டினியூஸ் க்ரூஸர் ஆவது. 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம், நிரந்தர மூரிங் இல்லாதவர் உரிமக் காலம் முழுக்க உண்மையான பயணத்தில் இருக்க வேண்டும், ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்கிறது. சில இடங்களில் 24 மணி நேரம், 48 மணி நேரம், ஏழு நாள் என்று பலகை வைத்திருப்பார்கள், அங்கே அதுதான் கணக்கு. இரண்டு பாலங்களுக்கு நடுவே மாறி மாறி நகர்ந்தால் பயணம் ஆகிவிடாது. உரிமக் காலத்தில் 15 முதல் 20 மைலுக்கும் குறைவான எல்லைக்குள் சுற்றினால் ஏற்பது கடினம் என்று அறக்கட்டளை சொல்லியிருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் இவர்களுக்கு உரிமக் கட்டணமும் கூடுதல்.

வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் இந்த இரண்டாவது வழியின் பாரத்தை நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். வாரக்கடைசியில் படகை ஆறு மைல் நகர்த்திவிட்டு, திங்கட்கிழமை புது நிலையத்தில் ரயில் பிடிக்க வேண்டும். செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதற்கென்றே ஒரு மடக்குச் சைக்கிள் வைத்திருப்பார்கள். உடம்பு சரியில்லை, இன்ஜின் பழுது, பிரசவம் என்று காரணம் இருந்தால் கூடுதல் நாள் தங்க முன்கூட்டியே அறக்கட்டளையிடம் கேளுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு விளக்கம் சொல்வதைவிட அது நல்லது. எங்கே, எந்தத் தேதியில் இருந்தீர்கள் என்று பாலத்தின் எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உரிமம் பற்றிப் பிரச்சினை வந்தால் நேஷனல் பார்ஜி டிராவலர்ஸ் அசோசியேஷன் இருக்கிறது, நிரந்தர மூரிங் இல்லாதவர்களுக்காகவே குரல் கொடுக்கும் அமைப்பு.

படி 3: படகும் காகிதங்களும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 18ஆம் நூற்றாண்டில் கால்வாய்ப் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி தன் கால்வாய்களின் லாக்குகளை, அதாவது படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகளை, ஏழடி அகலத்துக்குக் கட்டினார். அதில் நுழையத்தான் நேரோபோட் ஆறடி பத்து அங்குல அகலத்தில் இருக்கிறது. நீளம் எழுபது அடி வரை போகும். யார்க்‌ஷரின் கால்டர் அண்ட் ஹெபிள் போன்ற பாதைகளில் லாக்குகள் குட்டை என்பதால், ஏறக்குறைய எங்கும் போக வேண்டுமென்றால் 57 அடி பாதுகாப்பான நீளம். பத்தடி, பன்னிரண்டடி அகலப் படகில் இடம் தாராளம், ஆனால் குறுகிய லாக்குகள் உள்ள மத்திய இங்கிலாந்துக் கால்வாய்கள் உங்களுக்கு மூடிய கதவு.

பழைய படகு வாங்கினால் தண்ணீரிலிருந்து தூக்கி அடித்தகட்டின் கனத்தைச் சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். புதிதாகக் கட்டும்போது அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கம் 6, கேபின் 4 என்பது வழக்கமான கணக்கு. அடிப்பக்கம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் காப்பீடு கிடைப்பது கஷ்டம். உரிமம் எடுக்க மூன்று வேண்டும்: நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் படகுப் பாதுகாப்புச் சான்று, மூன்றாம் நபர் காப்பீடு, அப்புறம் மூரிங் உண்டா இல்லையா என்ற அறிவிப்பு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அடிப்பக்கத்துக்குக் கறுப்புப் பூச்சு அடிக்கவும் பணம் ஒதுக்கி வையுங்கள்.

படி 4: கட்டவும் கடக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்

கால்வாயில் உங்கள் பெயர் எப்படிப் பரவும் என்பதை இந்த ஒரு விஷயமே தீர்மானிக்கும். ஆட்களை இங்கே படகின் பெயரோடு சேர்த்துத்தான் நினைவில் வைப்பார்கள். வேகமாகப் போன படகின் பெயர் நீங்கள் அடுத்த ஊருக்குப் போய்ச் சேரும் முன்பே போய்விடும்.

வேக வரம்பு மணிக்கு 4 மைல். ஆனால் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதுவும் அதிகம். இன்ஜின் அணைந்துவிடாமல் ஓடும் அளவுக்குக் குறைத்து, முதல் படகு வருவதற்கு முன்பே குறைத்து, கடைசிப் படகைத் தாண்டும்வரை அப்படியே போக வேண்டும். காரணம் எளிது. இருபது டன் எடையுள்ள படகு நகரும்போது ஒரு கால்வாய் அளவு தண்ணீரையே தள்ளிக்கொண்டு போகிறது. அந்தத் தண்ணீர் கட்டியிருக்கும் படகை முதலில் ஒரு பக்கம் தள்ளி, பிறகு மறுபக்கம் இழுக்கும். ஈரமான கரையில் கயிறு கட்ட அடித்த முளை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். உள்ளே யாராவது அடுப்பில் கொதிக்கும் குழம்போடு நின்றிருப்பார்.

எதிரே படகு வந்தால் நீங்கள் வலப்பக்கம் ஒதுங்குங்கள், சாலையில் செய்வதற்கு நேர் எதிர். தூண்டில்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தால் நடுவிலேயே மெதுவாகப் போங்கள். அவர்களுக்கு வழிவிடுவதாக நினைத்து மறுகரைக்கு ஒதுங்கினால், அவர்கள் இரை போட்டு மீனைச் சேர்த்திருக்கும் இடத்தையே கலக்கிவிடுவீர்கள்.

கட்டும்போது, கரையில் இரும்புத் தகடு இருந்தால் கொக்கியோ சங்கிலியோ மாட்டுங்கள். வெறும் மண் கரை என்றால் முளை அடியுங்கள். முளையின் தலையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டிலோ டென்னிஸ் பந்தோ செருகிவிடுங்கள், இருட்டில் நடப்பவர் தடுக்கி விழ மாட்டார். கயிறு டோபாத்துக்குக் குறுக்கே போகக் கூடாது. லாக்குக்கு முன்னால் ஏற இறங்க விட்டிருக்கும் இடத்திலும், தண்ணீர்க் குழாய் அருகிலும், வளைவிலும், பாலத்தடியிலும், படகு திருப்பும் அகன்ற இடத்திலும் கட்டாதீர்கள். இரண்டு படகுக்கு நடுவே பாதிப் படகு நீளத்துக்கு வீணாக இடைவெளி விடாதீர்கள். நெரிசலான இடத்தில் அந்த இடைவெளியால்தான் அடுத்தவர் இருட்டில் இன்னும் இரண்டு மைல் போக வேண்டியிருக்கும்.

லண்டனில் படகோடு படகை ஒட்டிக் கட்டுவது சகஜம். ஆனால் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். உள்பக்கப் படகுக்காரர் காலை எத்தனை மணிக்குக் கிளம்புவார், அவர் படகைத் தாண்டிக் கரைக்குப் போக எந்தப் பக்கம் நடக்கலாம் என்று அப்போதே பேசிவிடுங்கள். ராத்திரி பூட்ஸ் காலோடு கூரைமேல் நடந்து போகிறவரை யாருக்கும் பிடிக்காது.

யாராவது கரையை நெருங்கி வந்தால் எழுந்து வெளியே போங்கள். கையை நீட்டினால் கயிற்றை வீசுவார், பிடித்து முளையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுத்தால் போதும். காற்றடிக்கும் நாளில் தனியாக ஓட்டி வருபவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று ஒருமுறை நீங்களே தனியாக வரும்போது தெரியும். முளை பிடுங்கிக்கொண்டு கால்வாய்க்குக் குறுக்கே மிதக்கும் ஆளில்லாத படகைப் பார்த்தாலும், அது யாருடையது என்று பார்க்காமல் நிறுத்திக் கட்டிவிட்டுப் போவதுதான் இங்கே மரபு. நிறைய நட்பு இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

படி 5: லாக்கில் சேர்ந்து வேலை செய்யுங்கள்

லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த கல் தொட்டி. கதவிலும் கரையிலும் பேடில் எனப்படும் சிறு மதகுகள் இருக்கும். வின்ட்லஸ் என்ற கைப்பிடியை மாட்டிச் சுழற்றினால் அவை திறந்து தண்ணீரை உள்ளே விடும் அல்லது வெளியேற்றும், படகு ஏறும் அல்லது இறங்கும். ஏழடி உயரம் ஏற்றும் குறுகிய லாக்கே ஒருமுறைக்குச் சுமார் 1 லட்சம் லிட்டர் தண்ணீரைக் கீழே அனுப்பிவிடுகிறது. அதனால் லாக்கில் தண்ணீர் உங்கள் பக்க மட்டத்தில் இல்லாதபோது எதிரே வருகிறவர் கண்ணுக்குத் தெரிந்தால், அவரை முதலில் விடுங்கள். கோடையில் மேட்டு நீர்த்தேக்கங்கள் வற்றினால் கால்வாயையே மூட வேண்டிவரும், அப்போது பாதிக்கப்படுவது எல்லோரும்தான்.

உயிருக்கு ஆபத்தானது ஒன்று உண்டு. இறங்கும்போது மேல்கதவுக்கு அடியில் சில் என்ற கல் திட்டு நீருக்குள் இருக்கும். தண்ணீர் வடிய வடிய அது மேலே தெரியும். பின்பக்கம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் மூழ்கிப் படகே கவிழும். சில்லின் எல்லையைச் சுவரில் வெள்ளைக் கோடு காட்டும், அதற்கு முன்னாலேயே படகை நிறுத்துங்கள். பேடில் பக்கம் நிற்பவர் படகையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டில்லர் என்ற சுக்கான் கைப்பிடியைப் பிடித்திருப்பவர் கத்தினால் உடனே பேடிலை மூட வேண்டும். வின்ட்லஸைச் சுழற்றும் தண்டிலேயே மாட்டிவிட்டுப் போகாதீர்கள். தடுப்புப் பல் நழுவினால் அது சுழன்று பறந்து கையை உடைத்துவிடும்.

கிராண்ட் யூனியன் போன்ற அகலக் கால்வாய்களில் இரண்டு நேரோபோட் ஒரே லாக்கில் பக்கத்தில் பக்கத்தில் போகலாம். வாரிக் நகருக்கு அருகே ஹாட்டனில் 21 லாக்குகள் வரிசையாக மேட்டில் ஏறுகின்றன. அடிவாரத்தில் கொஞ்சம் காத்திருந்தால் இணையாக வர ஒரு படகு கிடைத்துவிடும். எப்படிச் செய்வார்கள் தெரியுமா? இரு படகிலிருந்தும் ஒருவர் இறங்கிவிடுவார்கள். ஒருவர் சைக்கிளில் அடுத்த லாக்குக்குப் போய்த் தண்ணீரைச் சரிசெய்து கதவைத் திறந்து வைப்பார், மற்றவர் பின்னால் இருந்து கதவை மூடிவிட்டு வருவார். படகு இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஒரே வேகத்தில் நுழையும். முதல் மூன்று லாக்கில் எல்லோரும் கூச்சத்தோடு “நன்றி, நன்றி” என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஏழாவதில் யார் என்ன செய்வது என்று கையசைவே போதும். பத்தாவதில் டீயும் பிஸ்கட்டும் படகு மாறும். உச்சிக்குப் போய்ச் சேரும்போது அவர்களுடைய பிள்ளைகளின் பெயர், இன்ஜினின் குறை, குளிர்காலத்தை எங்கே கழிக்கப் போகிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கால்வாயில் பழகக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

புதியவர் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொன்னவருக்கு எல்லோரும் பொறுமையாகக் கற்றுத் தருவார்கள். அதேபோல் அடுத்தவர் லாக்கில் கேட்காமல் பேடிலைத் தூக்கி உதவி செய்யப் போகாதீர்கள். “தூக்கட்டுமா?” என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகு செய்யுங்கள். கோடையில் நீலச் சட்டை போட்ட தன்னார்வ லாக் காவலர்கள் பல இடங்களில் நிற்பார்கள். அவர்கள் வேலை செய்தாலும் படகின் பொறுப்பு உங்களுடையதே.

லாக் வேலைக்குப் பழகும் முன் ஓட்ட மட்டும் பழக நினைத்தால், மேற்கு லண்டனில் ஹேய்ஸ் அருகே புல்ஸ் பிரிட்ஜிலிருந்து லிட்டில் வெனிஸ் வரை போகும் பாடிங்டன் கிளைக் கால்வாய் நல்லது. ஒரு லாக்கும் கிடையாது. நார்த் சர்க்குலர் சாலைக்கு மேலே தண்ணீர்ப் பாலத்தில் படகு ஓட்டிப் போவீர்கள். வழியில் ஆல்பர்டனில் கட்டினால் ஈலிங் ரோட்டுக் கடைகளில் கறிவேப்பிலையும் புழுங்கல் அரிசியும் வாங்கிக்கொள்ளலாம், நம் ஆட்களுக்கு அது பெரிய வசதி.

படி 6: தண்ணீர், கழிவு, கரி

எல்லாப் பொதுவசதிகளுக்கும் வாட்டர்மேட் சாவி என்ற ஒரே சாவி. தொட்டி நிரம்ப ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்தில் துணி துவைக்கலாம், சமைக்கலாம், ஆனால் வரிசையில் யாராவது நின்றால் தொட்டி நிரம்பியதும் நகர்ந்துவிடுங்கள். குழாயடியில் ராத்திரி தங்குவது பெரும் மரியாதைக் குறைவு.

கழிவறை இரண்டு வகை. பெரிய தொட்டியில் சேர்த்துப் பம்ப் வைத்து எடுப்பது ஒன்று. பெட்டி போன்ற கேசட்டைத் தூக்கிக்கொண்டு போய் எல்சன் தொட்டியில் கொட்டுவது இன்னொன்று. கேசட்டுக்குச் செலவு குறைவு, உறைபனியில் படகு நகர முடியாமல் போனாலும் கையில் தூக்கிப் போகலாம், அதனால் நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். கொட்டிய பிறகு இடத்தைக் கழுவிவிட்டு வாருங்கள். உலர் கழிவறைக் கழிவைக் குப்பைத் தொட்டியில் போடுவதை அறக்கட்டளை 2021இலேயே நிறுத்திவிட்டது. அந்த வகை வைத்திருந்தால் முழுதாக மக்கச் செய்ய உங்களுக்கென்று ஏற்பாடு வேண்டும்.

எரிபொருள் படகு என்று ஒன்று உண்டு. டீசல், கரி மூட்டை, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு குறிப்பிட்ட பாதையில் வந்துபோகும். கை காட்டினால் பக்கத்தில் ஒட்டி நிற்கும். டீசல் வாங்கும்போது எவ்வளவு படகு ஓட்டத்துக்கு, எவ்வளவு வீட்டு உபயோகத்துக்கு என்று நீங்கள் அறிவிக்க வேண்டும், ஓட்டத்துக்கான பங்குக்கே முழு வரி. ஓட்டத்துக்கு 60 சதவீதம், வீட்டுக்கு 40 என்று சொல்வது வழக்கம். கொஞ்சம் தூரத்திலுள்ள கடையில் மலிவாகக் கிடைத்தாலும் எரிபொருள் படகிடமே வாங்குங்கள். உறைபனிக் காலத்தில் நடக்க முடியாத முதியவர் படகுக்குக் கரி கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். கோடையில் யாரும் வாங்காவிட்டால் குளிரில் அது வராது. மேலே எந்த லாக் பழுது, யாருடைய படகு நகரவில்லை, யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற செய்தியும் அதோடுதான் வரும்.

படி 7: சத்தம், புகை, இரவு

கட்டியிருக்கும்போது இரவு 8 முதல் காலை 8 வரை இன்ஜினும் ஜெனரேட்டரும் ஓடக் கூடாது. கோடையில் சோலார் தகடே போதும். குளிர்காலத்தில் பகலிலேயே பேட்டரியை ஏற்றிவிடுங்கள். அடுப்பில் புகையில்லாக் கரி போடுங்கள். ஈர விறகுப் புகை பக்கத்துப் படகுக்குள்ளும், கரையோர அடுக்குமாடி ஜன்னல்களுக்குள்ளும் போகும். படகுக்காரர்களைப் பற்றிக் கரைவாசிகள் சொல்லும் புகாரில் பெரும்பங்கு இந்த இரண்டும்தான், இரண்டுமே நம்மால் சரிசெய்யக்கூடியவை.

கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். காற்றோட்டத் துளைகளைக் குளிருக்குப் பயந்து அடைக்காதீர்கள். அணைந்துவிட்டது என்று நினைத்துப் பார்பிக்யூ தட்டைக் கேபினுக்குள் எடுத்து வராதீர்கள், அது தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். பக்கத்துப் படகின் புகைக்குழாயில் இரண்டு நாளாகப் புகை வரவில்லை, ஆளும் வெளியே வரவில்லை என்றால் போய்த் தட்டுங்கள். இதைத் தலையீடு என்று யாரும் நினைப்பதில்லை.

படி 8: குளிர்காலம்

நவம்பர் முதல் மார்ச் வரை லாக் பழுதுபார்ப்புக்காகப் பல பாதைகள் மூடப்படும். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, தண்ணீரும் எல்சனும் உள்ள பகுதிக்குள் இருக்குமாறு திட்டமிடுங்கள். அந்த மாதங்களுக்கு மட்டும் காசு கட்டி ஓரிடத்தில் தங்கும் குளிர்கால மூரிங்கும் உண்டு. முதல் வருடத்துக்கு அதை எடுத்துவிடுங்கள் என்பேன். அதே பத்துப் பதினைந்து படகுகளோடு சில மாதங்கள் சேர்ந்து இருக்கும்போதுதான் பழக்கம் வேர் பிடிக்கும்.

கால்வாய் உறைந்தால் ஓட்டாதீர்கள். உடையும் பனித்தகடு கட்டியிருக்கும் படகின் பூச்சைச் சுரண்டும், ஃபைபர்கிளாஸ் படகு என்றால் அறுத்தே விடும். தளத்தில் பனி படிந்த காலையில் குதிக்காமல் கால் எடுத்து வைத்து இறங்குங்கள். யாராவது விழுந்தால் முதல் வேலை இன்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவருவது, நீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறி சுழலக் கூடாது. கால்வாய் பல இடங்களில் எழுந்து நிற்கும் ஆழம்தான். குளிரும் லாக்கும் வேறு கதை. கையில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள், சாப்பிடும் முன் கையைக் கழுவுங்கள்; எலிக் காய்ச்சல் இந்தத் தண்ணீரால் வரக்கூடியது.

நீங்கள் எந்தப் பாலத்துக்கு அருகே இருக்கிறீர்கள் என்பதை எப்போதும் தெரிந்து வையுங்கள். பெரும்பாலான கால்வாய்ப் பாலங்களில் எண் பலகை உண்டு. அவசர உதவி எண்ணான 999க்குப் போன் செய்யும்போது கால்வாயின் பெயரும் பால எண்ணும்தான் உங்கள் முகவரி. அருகே வண்டி வரும் சாலை எது என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள்.

மனம் சோர்ந்தால், பணம் தட்டுப்பட்டால், வாட்டர்வேஸ் சாப்ளன்சி என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் டோபாத்தில் நடந்துகொண்டே இருப்பார்கள். எந்த மதத்தவருக்கும், மதமே இல்லாதவருக்கும் உதவுவார்கள். படிவம் நிரப்புவதிலிருந்து கரி வாங்கித் தருவதுவரை செய்கிறார்கள். அறக்கட்டளையிடமும் நலன் பார்க்கும் அலுவலர்கள் உண்டு.

படி 9: முகவரி இல்லாத காரியங்கள்

டாக்டரிடம் பதிவு செய்ய இங்கிலாந்தில் முகவரிச் சான்று கட்டாயமில்லை. வரவேற்பில் மறுத்தால் தேசிய சுகாதாரச் சேவையின் விதியையே எடுத்துக் காட்டுங்கள். ஓட்டுரிமைக்கு, நிலையான முகவரி இல்லாதவர்கள் உள்ளூர்த் தொடர்பு அறிவிப்பு என்ற படிவம் நிரப்பிப் பதிவு செய்யலாம். தபாலுக்கு நம்பகமான நண்பர் வீடு ஒன்று வேண்டும். வங்கியும் காப்பீடும் பெரும்பாலும் அந்த முகவரியைத்தான் கேட்கும், அதனால் கரையில் அப்படி ஒருவரைக் கேட்டு ஏற்பாடு செய்த பிறகே வீட்டைக் காலி செய்யுங்கள்.

படி 10: கூட்டத்தில் சேருங்கள்

இன்று கால்வாயில் படகோட்ட முடிவதே ஊர்கூடித் தேர் இழுத்ததால்தான். ஒரு காலத்தில் சரக்குப் படகுக் குடும்பங்கள் சுமார் பத்தடி நீளப் பின்கேபினில் பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்தன. அந்த நெரிசலைக் கட்டுப்படுத்தவே 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. ரோஜாவும் கோட்டையும் வரைந்த வாளிகளையும் கதவுகளையும் இன்றும் படகுகளில் பார்க்கிறோமே, அது அவர்கள் விட்டுச்சென்ற கலை. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்ததோடு மிச்சமிருந்த சரக்குப் போக்குவரத்தும் ஏறக்குறைய முடிந்தது. தூர்ந்துபோன பாதைகளை மண்வெட்டியோடு இறங்கி மீட்டவர்கள் தன்னார்வலர்கள். 1946இல் தொடங்கிய இன்லண்ட் வாட்டர்வேஸ் அசோசியேஷன் அதற்காகப் போராடியது. கென்னட் அண்ட் ஏவன் கால்வாய் 1990இல் மறுபடி திறக்கப்பட்டது. டிவைசஸ் ஊரில் மலைச்சரிவில் ஏறும் 29 லாக்குகளில் இன்று படகு போகிறது.

நீங்களும் இதில் சேரலாம். ஜூனில் பிரான்ஸ்டன் என்ற ஊரில் பழைய சரக்குப் படகுகளின் கூடல் நடக்கும். மே மாதத் தொடக்க விடுமுறையில் லண்டன் லிட்டில் வெனிஸில் அலங்காரப் படகுகள் சேரும். கைத்தொழில் தெரிந்தவர்கள் வணிக உரிமம் எடுத்துப் படகிலிருந்தே விற்கலாம். சீஸ், கயிற்று வேலை, புத்தகம், ரொட்டி என்று மிதக்கும் சந்தைகள் ஊர் ஊராகப் போகின்றன. படகே இன்னும் வாங்காதவர்களுக்கு நான் முதலில் சொல்வது 1970இல் தொடங்கிய வாட்டர்வே ரெக்கவரி குரூப்பின் முகாம்கள். ஒரு வாரம் ஊர் மண்டபத்தில் படுத்து, பகலில் பழைய லாக் சுவருக்குச் செங்கல் அடுக்கும் வேலை. முன்னனுபவம் கேட்பதில்லை. உடன் வேலை செய்கிறவர்களில் படகுக்காரர் யாராவது நிச்சயம் இருப்பார். பழைய பூட்ஸும் தடித்த கையுறையும் எடுத்துப் போங்கள்.